ஏழு மணி பஸ்ஸும் எட்டுப் பேச்சாளர்களும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர் ஒஷாவாவுக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார். தவறவிட வைத்தவர்கள் நாங்கள். சரியாகச் சொன்னால், மைக் பிடித்த ஆறு பேர். பட்டியலில் எட்டுப் பேர் இருந்தார்கள்... மீதி இரண்டு பேருக்கும் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கனடா முதியோர் சங்கம் மல்வேர்னில் ஒரு சேர்ச்சின் பேஸ்மென்ற் மண்டபத்தில் கூடுவது, இந்தப் பேப்பரில் நான் எழுதுவதை வாசிக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தச் சேர்ச்சின் போதகர் பாஸ்டர் வெய்ன். ஆறடி மனிதர், நரைத்த தாடி. கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்கத் தானே இறங்கி வருவார்.

காலையில் மேலே அவருடைய ஆராதனைக்கு முப்பத்தொரு பேர். பின்னேரம் கீழே எங்களுக்கு நூற்றுக்கு மேலே. ஒருநாள் இதை அவரிடம் சொல்லிவிட்டேன். எண்ணினால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

"எனக்கும் தெரியும்" என்றார். "உங்களிடம் பொரித்த றோல்ஸ் இருக்கிறது. என்னிடம் பரலோகம் மட்டும்தான்."

கதிரை அடுக்கும்போதுதான் அவருடைய கதை வந்தது. பிறந்தது ஸ்ரௌவ்வில் பக்கம், பால்மாட்டுப் பண்ணையில். பத்தொன்பது வயதில் ஒஷாவாவில் கார் தொழிற்சாலை வேலை. இவர் காருக்கு வலப்பக்கக் கதவு பொருத்துவார். இடப்பக்கக் கதவு பொருத்தியவர் பெயர் ரோய். இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு சிநேகிதம் உண்டாகி, அது ஓர் இசைக்குழுவாகியது. கன்றி ரொக்.

"அதென்ன சங்கீதம்?"

"மாட்டுக்காரர்களின் பாட்டு. அதற்குக் கொஞ்சம் மின்சாரம்."

இரண்டு இசைத்தட்டு வந்தது. இரண்டாவதில் ஒரு பாட்டு வானொலியில் ஓடியது. வேலையை விட்டார்கள். ஐந்து பேரும் பழைய வண்டியொன்றில் ஏறி, இந்த நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பார் பாராகப் பாடினார்கள். தோள் வரை முடி, கௌபோய் தொப்பி, சட்டையில் குஞ்சம்!

"மொத்தம் எத்தனை பார்?" என்று கேட்டேன்.

"யார் எண்ணினார்கள்?" என்றார்.

ஒரு மனிதன் இப்படியும் வாழ முடியுமா? எனக்கு இரண்டு நாள் சரியான நித்திரை இல்லை.

அமெரிக்காவுக்குப் பாடப்போக மூன்று கிழமை இருந்தபோதுதான் அது நடந்தது. சட்பரியில் ஒரு பார். இவர் பாடிக்கொண்டிருக்க, முன்மேசையில் இருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் தலையை மேசையில் வைத்து அழத் தொடங்கினார். மனைவி இறந்து ஒரு கிழமையாம். இடைவேளையில் வெய்ன் இறங்கிப்போய் அவர் பக்கத்தில் இருந்தார். இடைவேளை முடிந்தது. மற்ற நான்கு பேரும் மேடையில் ஏறி நின்றார்கள். வெய்ன் எழும்பவில்லை.

"பாட்டு அந்த ஆளை அழவைத்தது. அதற்குப் பிறகு என்ன செய்வதென்று பாட்டுக்குத் தெரியவில்லை" என்றார் என்னிடம்.

அதன்பிறகு அவர் ஏறியது பிரசங்க மேடையில்தான். அமெரிக்கப் பயணம் நின்றது. குழு கலைந்தது. ரோய் தன் வாத்தியத்தைக்கூட எடுக்காமல் மறுபடியும் கார்க் கதவுக்கே போனார். பதினேழு வருடமாக வெய்னோடு பேச்சில்லை. வெய்ன் போன் எடுத்தால் ரோய் வைத்துவிடுவார்.

"அவனோடு ஒரு பாட்டு வாசித்தால் போதும். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை."

இதைப்போய் எங்கள் செயலாளர் சிவபாலனிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, இது எங்கட கடமை" என்றார் அவர். சிவபாலனுக்குக் கடமை வந்தால் பின்னாலேயே விழா வரும். பாஸ்டருக்குப் பாராட்டு விழா என்றார். ரோய்க்குத் தானே போன் எடுத்தார். என்ன மாயம் செய்தாரோ, ரோய் சம்மதித்துவிட்டார். ஆனால் கண்ணில் ஒப்பரேஷன் செய்தவர், கார் ஓட்டக் கூடாது. பஸ்ஸில் வருவாராம். ஒரே பாட்டாம். ஏழு மணிக் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவாராம். தன்னை யாரும் காரில் கொண்டுபோய் விடத் தேவையில்லையாம். முக்கியமாக வெய்ன்.

சரி, ஒரு பாட்டுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? என் கவலையெல்லாம் அதற்கு முன்னால் வருவதைப் பற்றித்தான்.

"எட்டுப் பேச்சாளரோ? என்னத்துக்கு?"

"வெள்ளைக்காரனுக்கு விழா எடுக்கிறம் அண்ணை. ரெண்டு பேரோட முடிச்சா எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

"அந்தாள் பாட வருகுது, சிவபாலன்!"

"பாடட்டும். ஆர் வேண்டாம் எண்டது? பேச்சு முடியப் பாடட்டும்."

ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று தீர்மானம். மணி அடிக்கும் பொறுப்பு எனக்கு.

அழைப்பிதழில் நான்கு மணி. நான்கு மணிக்கு மண்டபத்தில் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் பாஸ்டரும் ரோயும். முன்வரிசையில் இருந்தார்கள். இருவருக்கும் நடுவே ஒரு வெறுங்கதிரை. அதில் ரோய் தன் தொப்பியை வைத்திருந்தார், அந்தப் பக்கத்திலிருந்து யாரும் நகர்ந்து வராதபடி.

மேடைக்குக் கீழே அவருடைய பழைய வாத்தியம். ஸ்ரீல் கிற்றார் என்று பெயர். ஒடுக்கமான மேசைபோல நான்கு காலில் நிற்கும். கம்பிகளின்மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். பாஸ்டர் அதைப் பதினேழு வருடம் துணியால் மூடிப் பத்திரமாக வைத்திருந்தார். நாங்கள் இரண்டு வருடமாக, அது மேசை என்று நினைத்து, பத்திரமாக அதன்மேல் தேத்தண்ணிப் பிளாஸ்க்கும் றோல்ஸ் தட்டும் வைத்திருந்தோம். மரியாதை கருதி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மனிதர்! அன்று காலை அவர் துணியை எடுத்துச் சுருதி சேர்த்தபோதுதான் எங்களுக்கே விளங்கியது. என்ன பயன்? ஐந்து மணிக்கு எங்கள் பெண்கள் பழக்கதோஷத்தில் பிளாஸ்க்கை அதன்மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

ஐந்தே காலுக்குத்தான் விளக்கேற்றினோம். பொன்னாடை போர்த்தினோம். சிவபாலன் ஒன்று கூடுதலாக வாங்கியிருந்தார், ரோய்க்கும் போர்த்தினார்.

"இது எதற்கு?" என்றார் ரோய்.

"உங்கள் கலைச்சேவைக்கு, சேர்!"

"இதுவரை என் தோளில் விழுந்தது தொழிற்சாலைப் போர்மனின் கை மட்டும்தான்" என்றார். ஆனால் கழற்றவில்லை.

பேச்சுகள் தொடங்கின. ஒருவர் கனடாவின் பூகோளம் பேசினார். இன்னொருவர் பாஸ்டரைப் பாராட்ட வந்து, தன் மருமகனைப் பாராட்டிவிட்டு இறங்கினார். நான் மணி அடித்தேன். மறுபடி அடித்தேன்.

பின்னாலிருந்து ஒருவர், "அண்ணை, உப்பிடி அடிச்சா சனம் பூசை எண்டு எழும்பிடும்!" என்றார். நான்கு கிழவிகள் உண்மையாகவே எழும்பிக் கைகூப்பினார்கள்.

ஆறரைக்கு மைக் கனகசபை மாஸ்ரரிடம் போனது. ஆறாவது பேச்சாளர். "இரண்டே நிமிடம்" என்று தொடங்கினார். இப்படித் தொடங்குபவர்களுக்குத்தான் நான் மிகவும் பயப்படுவது.

ரோய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாஸ்டர் ரோயைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்து, மணியைப் பார்த்து, மாஸ்ரரைப் பார்த்தேன். மாஸ்ரர் கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மணியை விடாமல் அடித்தேன். "இஞ்சேருங்கோ, கை உளுக்கப் போகுது" என்றார் என் மனைவி. ஏழு மணி வந்தது. பஸ் போயிருக்கும். பாஸ்டர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பதினேழு வருடம் காத்திருந்த பாட்டை எங்கள் சங்கம் விழுங்கிவிட்டது!

ரோய் எழும்பினார். தொப்பியை எடுத்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக வாத்தியத்திடம் வந்து பிளாஸ்க்கைத் தூக்கி என் கையில் தந்தார். மரத்தில், துணியையும் தாண்டி ஊறிய பழைய தேத்தண்ணி வட்டங்கள். என்னைப் போலவே அவரும் விரலால் தொட்டு எண்ணினார். பொன்னாடையைத் தோளில் இழுத்துச் செருகிக்கொண்டு, இரும்புத் துண்டைக் கம்பியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

அழுகையும் சிரிப்பும் ஒரே தொண்டையிலிருந்து வந்ததுபோல ஒரு சத்தம்.

கனகசபை மாஸ்ரர் வசனத்தின் நடுவில் நின்றுவிட்டார். எங்கள் சங்கச் சரித்திரத்தில் இது முதல்தடவை.

"வெய்ன்!" என்றார் ரோய். "சட்பரியில் நீ வருவாய் என்று மேடையில் காத்துக்கொண்டு நின்றேன். பதினேழு வருடம். இவர்கள் அதோடு மூன்று மணித்தியாலம் சேர்த்துவிட்டார்கள். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கப் போகிறாய்? ஏறு!"

பாஸ்டர் ஏறினார். ஏறியதா, பாய்ந்ததா? மாஸ்ரரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். முதல் பாட்டில் முதல் வரி வரவில்லை. ரோய் அந்த இடத்தை நிரப்பி வாசித்துக்கொண்டே காத்திருந்தார். பிறகு குரல் வந்தது பாருங்கள்...

ஒரே பாட்டு என்றுதானே பேச்சு? பஸ்தான் போய்விட்டதே! பதினொரு பாட்டு. மூன்றாவதில் கைதட்டினோம். ஐந்தாவதில் கைதட்டல் தாளத்தோடு வந்தது. எட்டாவதில் சிவபாலன், "ஒரு பைலா போடுங்கோ!" என்று கத்த, அவர்களுக்கு எங்கள் ஊர் ஆட்டப்பாட்டு என்னவென்று விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் கதிரையில் தட்டிக் காட்டினார்கள். ரோய் பிடித்துக்கொண்டார். முட்டுவலிக்காரர்கள் பதினான்கு பேர் ஆடினார்கள். ஆட்டத்தின் நடுவே யாரோ என் மணியைப் பறித்துத் தாளம் போட்டார்கள். என் மனைவிதான்.

பட்டியலில் மிஞ்சிய அந்த இரண்டு பேச்சாளர்களும் என்னோடு இன்னும் கதைப்பதில்லை.

பாஸ்டர்தான் ரோயைக் காரில் கொண்டுபோய் விட்டார். ரோய் மறுப்புச் சொல்லவில்லை. கார் புறப்படும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், இருவருடைய தோளிலும் எங்கள் பொன்னாடை.

பேச்சாளர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் முடித்திருந்தால் ரோய் ஒரு பாட்டு வாசித்துவிட்டு, கைகொடுத்துவிட்டுப் பஸ் ஏறியிருப்பார். இது எனக்குத் தெரிகிறது. கனகசபை மாஸ்ரருக்குத் தெரியவே கூடாது. அவர் இந்தப் பேப்பர் எடுக்கும் கடையில், இந்த வாரக் கட்டு முழுவதையும் நானே தூக்கிவிடுவதாக இருக்கிறேன். ஐம்பது பிரதி. எண்ணிவிட்டேன்.