டாக்ஸிக்குப் பாட்டு மாட்டியவன்

காரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவது சுகம்தான். ஆனால் அந்தக் காருக்குப் பாட்டு மாட்டிக்கொடுத்தவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். ரேடியோ ரிப்பேர் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்தக் காரில் ஹாரன் அடிக்கவில்லை என்றால்கூட நம்மைத்தான் கூப்பிடுவார்கள்.

நாங்கள் சாத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை, நெய்வேலியில் குவார்ட்டர்ஸ். எனக்கு பர்மனென்ட் வேலை அமையவில்லை என்பதால் எண்பதுகளின் நடுவில், நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கொரு வாக்மேன் கொண்டுவந்த காலம் அது. கையடக்கமான டேப்; காதில் மாட்டிக்கொண்டு ஒருவர்தான் கேட்க முடியும். அந்த ஊர் டாக்ஸிக்காரர் கலியபெருமாளின் காரிலோ வெறும் ரேடியோ. வாக்மேனில் காதுக்கு மாட்டும் ஒயரைச் செருகுகிற ஓட்டை இருக்கிறதல்லவா, அதிலிருந்து அவருடைய ரேடியோவுக்கு ஒரு ஒயர் கொண்டுபோய், பாட்டு கார் ஸ்பீக்கரில் வரும்படி செய்து கொடுத்தேன். கலியபெருமாளுக்கு ஏக சந்தோஷம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "ஏதாச்சும் ஆச்சின்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒயரு போட்டவரு கூடவே வரணும்."

லீவில் போனவர்

முதல் சவாரி திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு. மைன்ஸில் மண் வெட்டும் பெரிய சக்கர மெஷினில் ஆபரேட்டர். குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். மைத்துனர் கொடுத்த வாக்மேன் அவரிடம் இருந்தது. சோதனைக்காக வடலூர் வரைக்கும் நானும் ஏறிக்கொண்டேன். வண்டி நின்றிருந்தபோது பாட்டு அவ்வளவு துல்லியம். அவருடைய மனைவி தாளம் போட ஆரம்பித்துவிட்டார். கலியபெருமாள் வண்டியைக் கிளப்பினார். பாட்டுக்கு அடியிலிருந்து 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் எழுந்தது. வண்டி வேகம் எடுக்க எடுக்க அதுவும் சுருதி ஏறிக்கொண்டே போனது. பாடகி மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் அதுதான் பாடியது.

டைனமோ சத்தம் ஒயர் வழியாக ஏறுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வடலூர் போவதற்குள் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். பார்த்து என்ன? அதை அடக்க ஒரு கன்டென்சர் வேண்டும், அது கடையில் இருந்தது. ஆபரேட்டர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டார். பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "லீவு எனக்குத்தான் தம்பி சாங்ஷன் ஆச்சு. மெஷினையும் ஏன் கூடக் கூட்டிட்டு வாறீங்க?"

சீரில் வந்த கடிகாரங்கள்

டைனமோவுக்கு கன்டென்சர் போட்ட பிறகு ஒரு கல்யாண சவாரி. பெண் நெய்வேலி டவுன்ஷிப், மாப்பிள்ளை நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர். பந்தியில் முதல் இலையில் உட்காரவைத்து மணமக்களை அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் நிற்கும்போது நாதஸ்வரம் முழங்க வேண்டும் என்பது பெண்ணுடைய அப்பாவின் ஆசை. கேசட்டும் வாக்மேனும் அவரே கொண்டுவந்திருந்தார். முன்சீட்டில் கலியபெருமாளுக்கும் அவருக்கும் நடுவில் நான்.

மனுஷர் ஆசை தாங்காமல் நெய்வேலியிலிருந்தே நாதஸ்வரத்தைப் போடச் சொல்லிவிட்டார். குள்ளஞ்சாவடி வந்தபோது வாக்மேனில் பேட்டரி இறங்கத் தொடங்கியது. மங்கள வாத்தியம் இழுத்து இழுத்து, யாரோ தேம்பி அழுகிற மாதிரி ஆகிவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆரத்தி எடுக்க முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்த சம்பந்தி அம்மாள் சகுனம் பார்க்கிறவராம். இந்தச் சத்தத்தோடு போய் இறங்கினால் பெண்ணுக்குத்தான் ஆயுள் முழுக்கப் பேச்சு என்றார். இறங்கிக் கடை கடையாய்க் கேட்டோம். டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய கட்டைதான் இருந்தது, பென்சில் பேட்டரி இல்லை. அப்போது பெண் பின்சீட்டிலிருந்து மெதுவாக, "அப்பா, சீர்ல ரெண்டு சுவர்க் கடிகாரம் இருக்கே" என்றாள். டிக்கியைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த இரண்டு கடிகாரத்திலிருந்தும் பேட்டரியை உருவி வாக்மேனில் போட்டோம். நெல்லிக்குப்பத்தில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இறங்கினோம்.

சீர் சாமான்களை உள்ளே எடுத்து வைத்தபோதுதான் சம்பந்தி அம்மாள் கவனித்தார்: இரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில், ஒன்றேகாலில், நின்றிருந்தன. பெண்ணின் அப்பா சட்டென்று, "முகூர்த்த நேரத்த அப்படியே நிறுத்தி வச்சோம், ஞாபகமா இருக்கட்டும்னு" என்றார். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் மாமியாருக்கும் சிரிப்பில் வாய் கோணிவிட்டது. "ஒண்ணேகாலு முகூர்த்த நேரம் இல்லீங்க சம்பந்தி," என்றார், "பந்தி நேரம்."

தலைவரின் தொண்டை

யூனியன் தேர்தல் வந்தது. போட்டியிட்ட தலைவர்களில் ஒருவர் நல்ல பேச்சாளர், ஆனால் பிரசாரத்தின் மூன்றாம் நாளே குரல் போய்விடும். எனவே என் கடையில் கதவைச் சாத்திக்கொண்டு, பேச்சை முன்கூட்டியே கேசட்டில் பதிந்துவிட்டார். காரின் தலையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டி, ஆம்ப்ளிபயருக்கும் வாக்மேனுக்கும் ஒயர் கொடுத்து, பிளாக் பிளாக்காகச் சுற்றினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே தலைவர் இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டு ஜனங்கள் வருகிற நேரம். ஒரு டீக்கடையைக் கடந்தோம். "ஒரு வாய்த் தண்ணீர்கூட அருந்தாமல் காலையிலிருந்து உங்கள் வீதியிலே நின்று கேட்கிறேன்" என்று தலைவர் ஸ்பீக்கரில் உருகிக்கொண்டிருந்தார். அதே தலைவர் கடை வாசலில் ஒரு கையில் டீயும் மறு கையில் வடையுமாக நின்றிருந்தார். வேகமாகப் போயிருந்தால் தப்பித்திருக்கலாம். கலியபெருமாள் மரியாதை தெரிந்தவர். தலைவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி வணக்கம் சொன்னார். ஷிப்ட் விட்டு வந்தவர்கள் காரையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "உங்க தொண்ட கார்ல போய்க்கினு இருக்குது. வடைய எதாலண்ணே முழுங்கறீங்க?"

பின்சீட்டில் பேசிய மகன்

வடக்குத்து அஞ்சலையம்மாள் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். ஒரே மகன் முருகன் துபாய்க்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. கடிதம் எழுதினால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், கேசட்டில் பேசி, ஒரு வாக்மேனோடு ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தான். அஞ்சலையம்மாள் ஒருதரம் காதில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பிடுங்கிப் போட்டுவிட்டார். "தலைக்குள்ளாற உக்காந்துகினு பேசறான், பயமாக்கீது" என்றாராம். அதனால் மருமகள் செல்விதான் கேட்டு, அவன் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தாள். அதிலும் மாமியாருக்குச் சந்தேகம்: பாதியை இவளே முழுங்கிவிடுகிறாள் என்று.

அஞ்சலையம்மாளுக்கு பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன் ஆயிற்று. அழைத்துவர கலியபெருமாள் டாக்ஸி. கூடவே நான். இரண்டு கண்ணிலும் கட்டு. பின்சீட்டில் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு, பார்வை வராவிட்டால் என்ன செய்வேன் என்று அரற்றிக்கொண்டே வந்தார். எவ்வளவு சொல்லியும் அடங்கவில்லை. செல்வி பையிலிருந்து வாக்மேனை எடுத்து என்னிடம் நீட்டி, "அண்ணா, இத கார்ல போட முடியுங்களா?" என்றாள்.

ஒயரைச் செருகினேன். ஸ்பீக்கர் பின்சீட்டுக்கு மேலே, அந்த அம்மாள் தலைக்குப் பின்னால். "யம்மோவ்" என்றான் முருகன். அஞ்சலையம்மாள் அப்படியே விறைத்துப் போய் உட்கார்ந்தார். "நல்லாக்கிறியாமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினான். பதில் வரட்டும் என்று காத்திருக்கிற மாதிரியே இடைவெளி விட்டுப் பேசியிருந்தான். "கீறேன்டா" என்றார் இவர். "சாப்ட்டியா?" "ரெண்டு இட்லிடா." கலியபெருமாள் வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கேட்கக் கேட்க இவர் சொல்லிக்கொண்டே போனார்: மாடு கன்று போட்டது, கூரை மாற்றியது, மருமகள் ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தது. கண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேச்சின் நடுவிலேயே கேசட் ஒரு பக்கம் தீர்ந்து 'டக்'கென்று நின்றது. நாங்கள் மூன்று பேரும் அந்த அம்மாளைப் பார்க்கப் பயந்துகொண்டு முன்னால் பார்த்தோம். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பழைய குரலில் சொன்னார்: "போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லாமலே எழுந்து போய்ட்டான் பாரு, அவுங்க அப்பன மாதிரியே."

ஊருக்கெல்லாம் பாட்டு மாட்டிக்கொடுத்த நான், அந்த டாக்ஸியில் ஒரு பாட்டையாவது முதலிலிருந்து கடைசி வரை கேட்டதாக இதுவரை ஞாபகமில்லை.