மஞ்சள் தடவிய கம்ப்யூட்டர் ஜாதகம்

யோசிக்கிற இயந்திரங்களோடு மனிதன் எப்படி வாழப்போகிறான் என்று இப்போது ஆளாளுக்குக் கவலைப்படுகிறார்கள். எப்படி வாழ்வான் என்பதை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒருமுறை பார்த்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அது. ராசிபுரத்தில் எங்கள் வீடு. அக்காவுக்கு நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கோயிலில் பூக் கேட்டதில் நல்ல உத்தரவும் கிடைத்தது. அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா, சேலத்தில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு அங்கே ஓடினார்.

மகனோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் கையில், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளத் தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அப்பாவிடம் நீட்டினார். பொருத்தம் இல்லை என்று அச்சாகியிருந்தது.

அக்கா பிறந்தது சூரிய உதயத்திலிருந்து பன்னிரண்டாம் நாழிகையில். நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம்; மணி பதினொன்றுகூட ஆகவில்லை. கடைக்காரன் பகல் பன்னிரண்டு மணி என்று தட்டியிருந்தான்.

“ஏனுங்க, நாழிகைய மணின்னு போட்டுட்டாங்க. மறுக்கா ஒருதரம் போட்டுப் பாத்தர்லாமுங்க,” என்றார் அப்பா.

“தப்பா இருந்தா கம்ப்யூட்டரே திருத்தியிருக்குமுங்க. மனுசன்தானுங்க பொய் சொல்லுவான்,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

உள்ளூர் ஜோசியர் சொன்னதாக இருந்தால் கையைக் காலைப் பிடித்து ஒரு பரிகாரமாவது கேட்டிருப்போம். இந்தத் தாளிடம் யார் போய்க் கெஞ்சுவது?

மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. நாழிகையை மணியாக்குவது அவர் வகுப்புப் பிள்ளைகள் மனக்கணக்காகச் சொல்லிவிடக்கூடியது. தலையைக் குனிந்துகொண்டு தட்டிலிருந்த இனிப்புக் கச்சாயத்தைப் பிட்டுப் பிட்டுத் தின்றார். அம்மா இன்னொன்று வைத்தாள், அதையும் தின்றார்.

அவர்கள் போனபிறகு அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

“பொட்டிக்குத்தான் நாழிகை தெரியலீங்க. அவருக்குமாங்க தெரியாது?” என்று அப்பாவிடம் கேட்டாள்.

மாப்பிள்ளை தின்ற தட்டை அக்காவே எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைக் குப்பைக்குழியில் வீசினாள். புத்தம்புது எவர்சில்வர் தட்டு. அம்மா பதறிப்போய் அதை எடுக்கக் குனிந்தாள்.

“கெடக்கட்டுமுங்கம்மா,” என்றாள் அக்கா.