பாயைக் காணவில்லை

தாராவியில் இசக்கிப்பாண்டியின் முகம் தெரியாதவர்கள்கூட அவர் குரலைக் கேட்டிருப்பார்கள். சட்டைப் பட்டறையில் பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷின் ஓட்டுகிறவர். நாள் முழுக்க மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பழகியதால், வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் அடுத்த சந்தில் தலை நீட்டுவார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மர்மக்கதை பாட்காஸ்ட் நடத்தும் ஆசை வந்தது.

முதலில் தானே பேசிப் பதிவு செய்து பார்த்தார். கொலைகாரன் பதுங்கிப் பதுங்கி வரும் இடம், கறிவேப்பிலை விற்க வந்தது போல் இருந்தது. சரி, நமக்கு எழுத்து மட்டும் போதும் என்று, வாசிக்க மாலதியைப் பிடித்தார். சீத்தா கேம்ப்பில் இருக்கும் சொந்தக்காரப் பெண். குரல் தேன். ஆனால் ஹிந்தி மீடியத்தில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அந்தத் திணறலையும் திகில் என்றே எடுத்துக்கொண்டார்கள் கேட்டவர்கள்.

இசக்கிப்பாண்டிக்கு ஒரு கொள்கை உண்டு. கதையின் முடிச்சு யாருக்கும் தெரியக் கூடாது, வாசிக்கிறவளுக்கும்கூட. எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார். அவள் அர்த்தம் கேட்டால் போனை வைத்துவிடுவார். மனைவி முருகம்மாளிடமும், "கதையப் பத்தி எவ கேட்டாலும் வாயத் திறக்கப்படாது, என்ன?" என்று சொல்லி வைத்திருந்தார். முருகம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு, மாட்டுங்காவில் ராஜலக்ஷ்மி மாமி வீட்டுக்கு வேலைக்குப் போனாள்.

கதையில் ஒரு முதலாளி இரவோடு இரவாக மாயமாகிறார். முதல் பாகத்தின் கடைசி வரி: "எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. பாயைக் காணவில்லை." ஆளைப் பாயில் சுருட்டித் தூக்கிப் போயிருக்கிறார்கள், அதுதான் முடிச்சு. ஆனால் மாலதி வீட்டில் படுக்கிற பாய்க்குப் பெயர் சட்டாய். அவளுக்குத் தெரிந்த பாய், இந்த ஊரில் வீட்டுவேலை செய்யும் பெண்களைக் கூப்பிடும் பாய்தான். பம்பாய் என்று சொல்லும்போது கடைசியில் வருமே, அந்தப் பாய். அப்படியே வாசித்து வைத்தாள்.

ராஜலக்ஷ்மி மாமி அதைக் காபியோடு கேட்டாள். கேட்டதை அந்தக் கட்டடத்தின் செக்ரட்டரி கோரே டீச்சரிடம் ஹிந்தியில் சொன்னாள். கோரே என்பது குடும்பப் பெயர். மராத்தியில் டீச்சரம்மாவைப் பாய் என்று மரியாதையாகக் கூப்பிடுவது வழக்கம் என்பதால், ஊரே அவரைக் கோரே பாய் என்றுதான் சொல்லும். வேலைக்காரி முதலாளியைத் தீர்த்துவிட்டு ஓடிவிட்டாள் என்று கேட்டதும் கோரே பாய் கூட்டம் போட்டார். கதை முடியும்வரை வேலைக்காரப் பெண்கள் யாரும் கட்டடத்துக்குள் வரக் கூடாது என்று முடிவானது.

"கதைதான், எனக்குத் தெரியறது முருகம்மா. ஆனா கதை தாராவியிலேர்ந்துன்னா வரது? இப்போதைக்கு வரண்டாம்" என்றாள் மாமி.

கல்யாணமான நாளிலிருந்து பார்த்த வேலை. பக்கத்துக் கட்டடங்களிலும் அந்தப் பாட்காஸ்டைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள், அதனால் வேறு வீடும் கிடைக்கவில்லை. முருகம்மாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாலதியிடம் இசக்கிப்பாண்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். கொள்கை விடவில்லை. எனக்கு இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

எழுத்திலேயே சரிசெய்கிறேன் என்று கிளம்பினார் மனிதர். இரண்டாம் பாகத்தில், "காணாமல் போனது படுக்கிற பாய்" என்று தெளிவாக எழுதினார். மாலதி அதையும் பம்பாய்க் கணக்கில் வாசித்தாள். வேலை நேரத்தில் படுத்துத் தூங்குகிறவளா என்று மாமிக்குக் கோபம் இன்னும் ஏறியது.

மூன்றாம் பாகத்தில் இனித் தப்பவே முடியாதபடி எழுதினார்: "அன்று நடந்ததை அறிந்தது கோரைப் பாய் மட்டுமே." மாலதிக்குக் கோரைப் புல்லும் தெரியாது. ஆனால் கோரே என்ற பெயர் தெரியும், இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? ஒரு எழுத்தைத் திருத்தி வாசித்தாள்.

கட்டடம் கதிகலங்கியது. கோரே பாய் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் மாடிப்படியில் போனார்கள். வாட்ச்மேன் சலாம் போடுவதை நிறுத்தினான். மாமி காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டாள். மறுநாளே கோரே பாய் இன்னொரு கூட்டம் போட்டு, வெறும் கதையை வைத்து ஒருவரைச் சந்தேகப்படுவது நாகரிகமில்லை என்று உருக்கமாகப் பேசி, தடையை எடுத்துவிட்டார்.

மாமியிடமிருந்து போன் வந்ததும் முருகம்மாள் எழுந்து தலையை அள்ளி முடிந்தாள். இசக்கிப்பாண்டிக்கு மனம் கேட்கவில்லை.

"ஏட்டி, ஒங்கிட்ட மட்டும் சொல்லுதேன். அது வேலைக்காரி இல்ல. படுக்கிற பாயி."

"தெரியும்."

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும். பாயக் காணும்னா ஆள அதுலதான சுருட்டிருப்பான்?"

"அப்ப மாமிகிட்ட சொல்லிருக்கலாம்லா? வேல போயிருக்காதுல்லா?"

"வாயத் திறக்கப்படாதுன்னீங்கள்லா" என்று செருப்பை மாட்டினாள்.

இசக்கிப்பாண்டிக்குக் கண் கலங்கியது. வாசல்வரை கூடவே வந்தார். பிறகு, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில், அந்த வீட்டில் முதல்முறையாக அவ்வளவு மெதுவாகக் கேட்டார்:

"மொத நாளேவா தெரிஞ்சி போச்சி?"