கண்டலுக்குள் வந்த கம்பனி

வாவிக்கரைச் சேற்றில் நிற்கிற கண்டல் மரத்தில் ஒரு கொப்பை முறித்தாலே எங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விறகுக்கு இரண்டு காய்ந்த தடி எடுத்ததற்காக என் மச்சாளை, கணவரின் அக்காவை, பிரதேச செயலகத்தில் அரை நாள் நிற்க வைத்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடமாம். சரி, கண்டல் இருந்தால்தான் இறாலும் இருக்கும் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம். அதே இடத்தை இறால் பண்ணை வலயம் என்று அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்கென்றால் சட்டம். கொழும்பிலிருந்து வந்த கம்பனிக்கென்றால் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள்.

அந்தக் கண்டலுக்கு நடுவே வாவியிலிருந்து ஓர் ஓடை உள்ளே போகிறது. இடுப்பளவு தண்ணீர். பெண்கள் நாங்கள் ஓலையால் பின்னிய பறிக்கூடையோடு இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்போம். தோணியும் வேண்டாம், வலையும் வேண்டாம். ஓட்டமாவடியிலிருந்து வியாபாரி நானா மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவார். மச்சாளுக்குப் புருஷன் இல்லை. அவவின் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஓடையால்தான்.

வர்த்தமானிக்கு முன்னர் ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். கட்டடம் எங்கள் பெண்கள் சங்கத்தினுடையது, செயலாளர் நான். கதிரையும் சாப்பாடும் கம்பனியுடையது. அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தார். மிச்சம் முழுக்கக் கம்பனி மனேஜர்தான். “உங்கட கருத்தக் கேக்கத்தான் வந்திருக்கிறம்” என்றார். கேட்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

வரவுத் தாளை என்னிடம் தந்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. வாவிக்குப் போனதால் வரமுடியாதவர்களின் பெயரையும் எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்து, அவர்களின் சாப்பாட்டுப் பார்சலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒருவரும் அதைப் பிழையாக நினைத்ததில்லை. பங்கு பங்குதானே. அன்றும் அப்படித்தான் செய்தேன். மச்சாளுக்கும் நானே வைத்தேன்.

வலயம் அறிவித்த பிறகு, ஆட்சேபணை மனுவோடு செயலகத்துக்குப் போனேன். அதே உத்தியோகத்தர் மனுவை வாசிக்கவில்லை. ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மேலே புதிதாக அடித்த ஒரு தாள்: ‘திட்டத்துக்கு இணக்கம் தெரிவித்தோர்’. அதற்குக் கீழே எங்கள் வரவுத் தாள், பெயர்கள் எல்லாம் என் எழுத்தில்.

“இது சோத்துப் பார்சலுக்கு வெச்ச கையெழுத்து சேர். இதில பாதி நான் வெச்சது. அந்த ஆக்கள் கூட்டத்துக்கு வரவே இல்ல.”

“அப்ப அத எழுதித் தாங்க தங்கச்சி, கள்ளக் கையெழுத்து வெச்சன் எண்டு. பிறகு பொலிசுக்குப் போகும், அது வேற கதை.” குரலைத் தாழ்த்தினார். “எழுதித் தந்தாலும் ஒண்டும் நடக்காது. இது மேல முடிவாகி வந்தது. எங்களுக்கே கடிதம் வந்த பிறகுதான் தெரியும்.”

பொலிஸ் வந்தால் வரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பொலிசும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பிடித்து அடைக்கிற அளவுக்குக்கூட எங்களை மதிக்கவில்லை.

பிறகு கம்பி வேலி வந்தது. வாசலில் ஒரு காவலாளி. இரண்டு நாள் அவன் உள்ளே விடாமல் திரும்பி வந்த மச்சாள், மூன்றாம் நாள் கொப்பித் தாள் ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தா.

“ஒரு கடிதம் எழுதித் தா கா. கிழமைக்கு ரெண்டு நாளாவது ஓடைக்குள்ள விடச்சொல்லி.”

“ஆருக்கு எழுத? செயலகத்துக்கா?”

“அவங்களுக்கு எழுதி என்ன கா செய்ற? கம்பனிக்கு எழுது. அவங்க சொன்னாத்தானே இவங்க கேப்பாங்க.”

பேனையைத் தூக்கி எறிய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. மச்சாள் தாளை என் முன்னால் நேராக வைத்துவிட்டுக் காத்திருந்தா. ‘மதிப்பிற்குரிய முகாமையாளர் ஐயா அவர்களுக்கு’ என்று எழுதத் தொடங்கினேன்.