தோரணத்து மரம்

எங்கள் கிள்ளான் வீட்டின் முன்னால் ஒரு மாமரம் நிற்கிறது. பந்திங் பக்கம் ஒரு நர்சரியில் இடுப்பளவு கன்றாக வாங்கி வந்து என் கையால் நட்டது. காலையில் குழாய்த் தண்ணீர், மாலையில் அரிசி கழுவிய தண்ணீர், மாதம் ஒரு தடவை ஆட்டெரு. ஏழு வருடமாக இந்த உபசாரம். மரமோ இலையைத் தவிர ஒன்றும் தந்ததில்லை. எங்கள் வரிசையில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மாவிலைக்கு எங்கள் கேட்டுக்குத்தான் வருவார்கள். என் கணவர் அதற்குத் தோரணத்து மரம் என்று பெயர் வைத்தார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் மகள் கார் வாங்கினாள். இவர் உடனே டேப்பை எடுத்து முன்பக்கத்தை அளந்தார். மரத்தை எடுத்துவிட்டு சிமெண்ட் போட்டால் இரண்டு கார் தாராளமாக நிற்குமாம். காண்ட்ராக்டரிடம் பேசியும் விட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராகப் போய்க் கேட்டால் மனிதர் இன்னும் முறுக்கிக்கொள்வார். அதனால் ஒரு தந்திரம் செய்தேன்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது நம் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். ஒருவர் கத்தியோடு போய்த் திட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே நின்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். கெஞ்சிவிட்டால் ஒரு வருடம் தவணை கொடுத்தே ஆக வேண்டும்.

"முறைப்படி ஒரு தடவ மிரட்டிப் பாருங்க. அப்புறம் வெட்டுங்க" என்றேன். தவணை விஷயத்தைக் கெஞ்சி முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாராங் கத்தியோடு இறங்கினார். "தண்ணி குடிக்கிற, எரு திங்கிற, ஒரு பிஞ்சாவது விட்டியா? இன்னிக்கு உன்ன விடமாட்டேன்" என்று கத்தியைத் திருப்பி மரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா வேலியோரம் வந்து நின்றார். அவர்கள் கம்பத்திலும், அதாவது மலாய்க் கிராமத்திலும், இது உண்டாம்.

என் முறை வந்தது. சொல்ல வேண்டியதை முதல் நாளே பழகி வைத்திருந்தேன். "வேணாங்க, விட்டுடுங்க, அடுத்த வருஷம் காய்ச்சிடும்" என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை.

அவர் கத்தியை இறக்கினார். "என்னலா, நெஜமாவே அழுவுற?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்த அம்மா மலாயில், "கெஞ்சியாச்சு, ஒரு வருஷம் விடணும்" என்று ஒற்றை விரலைக் காட்டினார். சாட்சியே சொன்ன பிறகு இவரால் என்ன செய்ய முடியும்? காண்ட்ராக்டரைத் தள்ளிப்போட்டார். மகளின் கார் ரோட்டோரம் நின்றது.

நான் தண்ணீரைக் கூட்டினேன், எருவைக் கூட்டினேன். தினமும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பூ இல்லை.

தவணைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தண்ணீர் வெட்டு வந்தது. நான்கு நாள் குழாய் வறண்டு கிடந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் லோரி வர, இவர் வரிசையில் நின்று குளிப்பதற்கென்று இரண்டு வாளி பிடித்து வந்தார். வெகுநேரமாக ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால், ஒரு வாளியை மரத்தடியில் மெதுவாகச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்.

"குளிக்கலையா?"

"வெட்டுறதா இருந்தாலும் தாகத்தோட வெட்டக்கூடாதுலா."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் முழுசாக இல்லை. வெட்டுறதா இருந்தாலும் என்றுதானே சொன்னார்.

போன வாரம் தவணை முடிந்தது. மரத்தில் பழையபடி இலைதான். சொல்லி வைத்ததுபோல் காண்ட்ராக்டர் போன் பண்ணினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

இவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி சொன்னார்: "இல்ல பாஸ், அங்க சிமெண்ட் போட முடியாது. மரம் இருக்குலா."