மூன்றாவது கோர், முப்பத்தேழு டிகிரி

இதை ஜோடித்துச் சொல்ல எனக்கு நேரமும் கிடையாது, அந்த அளவுக்குக் கற்பனையும் கிடையாது. பட்டதைச் சொல்கிறேன். நேரமெல்லாம் துல்லியமாக இருக்கும். வேலைக் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா சாக்கடை அடைப்பு எடுத்தவர். பதினாறு வயது வரை நானும் அவரோடு இறங்கியவன். இடுப்பளவு கழிவில் நின்றுவிட்டு, மேலே ஏறிக் கைகழுவிச் சோறு தின்றவன். அருவருப்பு எனக்கு லேசில் வராது. அன்று வந்தது. இன்னும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 9.40. கேபினெட்டைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். தூங்காத கண்.

“சூடு தாறுமாறா ஏறுதுண்ணே. நாளைக்குக் காலைல இதுலதான் புது வேலை ஆரம்பிக்கணும்.”

“யாரோட மெஷின்?”

“அண்ணனோடது.” கொஞ்சம் தயங்கினாள். “உள்ள டக் டக்னு ஒரு சத்தம் வரும். அது ஒயரு ஃபேன்ல அடிக்கிறதுதானான்னு... அதை மட்டும் கண்டிப்பா பாத்துச் சொல்லுங்கண்ணே.”

அவள் போனதும் கல்லாவில் இருந்த என் மனைவி சொன்னாள்: “புள்ளைய ஆஸ்பத்திரில சேத்துட்டுப் போற மாதிரி போகுது, பாருங்க.”

திறந்தேன். ஓவர்கிளாக் செய்த மெஷின். அதாவது, புராசசரை அதன் சக்திக்கு மேல் அடித்து ஓட்டுவது. உள்ளே ஆறு கோர், ஒரே சிப்பில் ஆறு மூளை மாதிரி. ஆறும் ஏறத்தாழ ஒரே மாதிரி சூடாக வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், மேலே உள்ள கூலர் கோணலாக உட்கார்ந்திருக்கும், இல்லை நடுவில் சூடு கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே பிசுபிசுவென்று பழுப்புத் தூசி. கூலர் விளிம்பில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. வெங்காயத் தோல் போல மெல்லிசு. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தேன், தொழில் பழக்கம். பால் தீய்ந்த வாடை. ஏதோ பசை என்று நினைத்தேன்.

துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு திருகாணியையும் முடுக்கினேன்.

10.20. முழு வேகத்தில் சோதனை ஓட்டம். இரண்டே நிமிடத்தில் ஐந்து கோர் தொண்ணூறைத் தாண்டிவிட்டன. மூன்றாவது மட்டும் 37. அங்கேயே நின்றது. சென்சார் செத்திருக்கும் என்று நினைத்தேன்.

10.25. டக்... டக்...

தகரத்தில் நகம் படுகிற சத்தம். ஒயர் ஃபேனில் பட்டால் சீராக அடிக்கும். இது அடித்தது. நின்றது. களைத்துப்போய் மறுபடி அடித்தது.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மெஷின் ஓடும்போதே கூலரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போம். சூடு இறங்கினால் திருகாணி லூஸ் என்று அர்த்தம். 11.30க்கு அமுக்கினேன்.

கூலர் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. மெத்தென்று... இன்னொருவர் விரலை அமுக்குவது போல.

கையை உதறிச் சட்டையில் துடைத்தேன்.

12.05. அணைத்துவிட்டுக் கூலரைக் கழற்றினேன். காலையில் நான் வைத்த வெள்ளைப் பேஸ்டில் ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே வெட்டுத் தழும்பு. என் விரலில் தழும்பு கிடையாது. நான் பேஸ்டை அட்டையால் தடவுகிறவன். முடுக்கிய கூலருக்கு அடியில் விரல் எப்படிப் போகும்?

ரேகையைச் சுற்றிப் பேஸ்ட் மஞ்சளாகி, எண்ணெய் கசிந்து நின்றது. அதே வாடை. இப்போது பால் இல்லை. தோல்.

“என்னங்க நாத்தம்? எலி கிலி செத்துக் கிடக்கா?”

“தெரியல.”

“தள்ளுங்க, நான் பாக்குறேன்.” குனிந்தாள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பஞ்சோடு சவ்வு மாதிரி ஒன்று சுருங்கி வந்தது. மறுபடி பேஸ்ட். மறுபடி முடுக்கு. 12.40க்கு மறுபடி ஓட்டம்.

ஐந்து கோர் 92. மூன்றாவது 37.

டக்... டக்...

1.15க்குச் சாப்பிட உட்கார்ந்தேன். கையை மூன்று தடவை கழுவியிருந்தேன். முதல் வாய் வைத்ததும் நகத்திடுக்கில் அந்த வாடை. தட்டைத் தள்ளிவிட்டேன்.

3.20. சத்தம் நின்றது.

அப்பாடா என்று திரையைப் பார்த்தேன்.

36.9.

மற்ற ஐந்தும் கொதித்துக்கொண்டிருந்தன. அது இறங்கியது.

4.20. 36.1.

5.20. 35.2.

மெல்ல... உயிர் போன உடம்பு ஆறுவது போல...

பிடுங்கி அணைத்தேன். அந்தப் புராசசரைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். கடையில் கிடந்த இன்னொன்றை மாட்டினேன். ஆறு கோரும் ஒழுங்காக ஓடின. சத்தம் இல்லை.

6.40. அவள் வந்தாள்.

“சிப்பு கெட்டிருந்துச்சும்மா, வேற மாத்திட்டேன். நாளைக்குத் தாராளமா வேலை பாக்கலாம்.” கேட்காமல் இருக்க முடியவில்லை. “உங்க அண்ணனுக்குக் கட்டைவிரல்ல தழும்பு இருக்கா?”

“இருந்துச்சு.”

மனைவி கல்லாவிலிருந்து எழுந்தாள்.

“போன மாசம்ண்ணே. காலைல பத்தே கால், பத்தரை இருக்கும். தொம்முனு ஒரு சத்தம். ஏதோ கழட்டுறான்னு நெனச்சேன். சாயங்காலம் போய்ப் பாத்தா கை இதுக்குள்ள. கட்டைவிரலால எதையோ அமுக்கிப் பிடிச்ச மாதிரி. மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. தூக்கினப்போ தோலு... அதுலயே ஒட்டிக்கிச்சு.”

என் கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன்.

“விழுந்த நிமிஷமே உயிர் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அதை நம்பித்தாண்ணே நான் கண்ணையே மூடுறேன்.” குரல் இறங்கியது. “நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். டக் டக்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒயருன்னு நெனச்சு ஹெட்போனை மாட்டிக்கிட்டேன்...”

குறிப்பேடு மேசையில் திறந்தே கிடந்தது. 10.25, சத்தம். 3.20, நின்றது. அவள் கண் அதில் படுவதற்குள் மூடினேன்.

“ஒயருதானேண்ணே?”

“ஒயருதாம்மா. இழுத்துக் கட்டிட்டேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேபினெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கேபினெட்டில் நான் எந்த ஒயரையும் கட்டவில்லை. எல்லாம் ஏற்கெனவே பின்பக்கமாக இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. காலையில் திறந்ததுமே பார்த்தேன்.

ஒன்றுகூட ஃபேனுக்கு எட்டாது.