பாறை அசைந்தது

மகளுக்குப் பாடத்தில் சமணர் வரலாறு வந்தது. நேரில் காட்டினால்தான் மண்டையில் ஏறும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் அவளைக் கூட்டிக்கொண்டு, சின்னமனூரிலிருந்து சமணர் சிலைகள் செதுக்கிய ஒரு மலைப்பாறைக்குப் போனோம்.

சிலையைக் கண்டதும் கணவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார்.

"அப்பா, இது கோயில் இல்லப்பா, வரலாறு" என்றாள் மகள்.

"எந்தச் சாமியா இருந்தா என்ன தாயி, வெறுங்கையோட நிக்கக் கூடாது" என்றவர், பையிலிருந்த சூடத்தை மொத்தமாகக் கொட்டிக் கொளுத்திவிட்டார்.

கரும்புகை குபுகுபுவென்று மேலே போனது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, மேல பாறை அசையுது."

அண்ணாந்து பார்த்தேன். சிலைக்கு மேலே கறுப்பாகத் தொங்கியது பாறை இல்லை, முறம் அகலத்துக்கு மலைத்தேன் கூடு! ஈக்கள் அலை அலையாகச் சிலிர்த்துக்கொண்டிருந்தன.

"அணைங்க" என்று அவர் காதில் கிசுகிசுத்தேன்.

"சாமிக்கு ஏத்துன சூடத்தை ஊதி அணைக்கவா?" என்று அந்த நேரத்திலும் தயங்குகிறார்! வெறுங்காலால் நானே மிதித்து அணைத்தேன். மகளை முந்தானையால் மூடி, மூவரும் பூனைபோல் இறங்கினோம். பாதி வழியில் அவர் உதட்டில் ஓர் ஈ கொட்டியது. மனிதர் வாயைத் திறக்கவில்லை.

கால் கொப்புளம் ஆறிவிட்டது. வரலாறு பார்க்க இப்போதும் போகிறோம், சூடம் வீட்டிலேயே இருக்கிறது. எந்தப் பாறைக்குப் போனாலும் முதலில் சாமியின் தலைக்கு மேலே பார்க்கிறேன். அப்புறம்தான் கும்பிடு.